ஒட்டகத்தைக் கட்டிவிட்டு ஓடத்தில் ஏறுங்கள்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதா, கட்டாமல் விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவியதையும், முதலில் கட்டிவிட வேண்டும் என்ற கருத்தில் அவர்கள் விடை பகர்ந்ததையும் நாம் அனைவரும் அறிவோம். திர்மிதியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துபவன் நான். காவிரியாற்றின் நடுவே ஒரு பரிசலில் அமர்ந்திருந்தபோது அதை மறந்துபோனவனும் நானே. அந்த வெட்கத்தைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் திருவண்ணாமலை மலையடிவார ஊர். ஆண்டின் பெரும்பகுதி வெயிலையும் பாறையையும் பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. ஓடும் ஆற்றைக் காண வேண்டுமென்றால் தென்பெண்ணையை நோக்கிச் சாத்தனூருக்குத்தான் செல்ல வேண்டும். அத்தகைய ஊருக்கும் தண்ணீரின் வலிமை என்னவென்று 2024 டிசம்பரில் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஏழு உயிர்கள் மண்ணில் புதைந்தன. அதே நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரையோர ஊர்களெல்லாம் வெள்ளத்தில் தத்தளித்தன.

ஆயினும் கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் மனம் தண்ணீரைத்தான் நாடுகிறது. முன்பெல்லாம் “ஒகேனக்கல் போகலாமா?” என்று மட்டும் கேட்பார்கள். இப்போது “ராஃப்டிங் போகலாமா?” என்றும் கேட்கிறார்கள். நுரைத்துப் பாயும் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் மிதவையில் அமர்ந்து, துடுப்புப் போட்டுக்கொண்டு செல்வதற்குத்தான் அப்பெயர். பெற்றோரோ, “அது நமக்கு ஆகுமா? பெண்பிள்ளைகளை அனுப்பலாமா? நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா?” என்று தயங்குகிறார்கள். முதன்முறையாகச் செல்லும் குடும்பத்தார் எதை எதிர்பார்க்க வேண்டும், எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

கூடையும் தோற்பையும்

இது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். இராக்கின் டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளில் பல நூற்றாண்டுகளாக இருவகை ஓடங்கள் மிதந்தன. ஒன்று ‘குஃப்ஃபா’. அரபியில் கூடை என்று பொருள். நாணலையும் கோரையையும் வட்டமாக முடைந்து, மேலே தார் பூசியது. நம் ஒகேனக்கல் பரிசலை அப்படியே பாக்தாத் கரையில் கட்டிவைத்தாற்போல் இருக்கும். மற்றொன்று ‘கலக்’. ஊதிக் கட்டிய ஆட்டுத்தோல் பைகளை வரிசையாக வைத்து, மேலே மரச்சட்டம் பிணைத்த மிதவை. மோஸுல் போன்ற வடபகுதி ஊர்களிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு நீரோட்டத்தோடு பாக்தாத் வந்து சேருவார்கள். எதிர்நீரில் திரும்பிச் செல்ல முடியாது. ஆகவே மரத்தை விற்றுவிட்டு, தோல்களைக் காற்றிறக்கிக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்கள்.

இந்தக் கலக்கின் தத்துவமே இன்றைய ராஃப்டிங் மிதவையிலும் இருக்கிறது. ஒரே தோற்பையை நம்பாமல் பல பைகளைக் கட்டியதைப் போல, இன்றைய மிதவையும் தனித்தனிக் காற்றறைகளைக் கொண்டது. பாறை உரசி ஓர் அறை கிழிந்தாலும் மற்ற அறைகள் தாங்கிக்கொள்ளும். நம் முன்னோர் இறைவனை நம்பியே நதியில் இறங்கினார்கள். அதோடு ஒன்றுக்குப் பத்துப் பைகளையும் ஊதிக் கட்டினார்கள்.

எங்கே, எப்போது?

நமக்கு அருகிலுள்ளது தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்தான். செங்கம் வழியே தருமபுரி சென்று, பென்னாகரம் கடந்து, காட்டு வழியில் இறங்கினால் காவிரி எதிர்ப்படும். ‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை. ‘கல்’ என்றால் பாறை. அருவியின் நீர்த்திவலைகள் பாறையிலிருந்து புகை எழுவதைப் போல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. இங்கே ரப்பர் மிதவை இல்லை. மூங்கில் முடைந்த பரிசல்தான். சற்றுத் தொலைவு செல்ல இயன்றவர்களுக்குக் கர்நாடகத்தில் காளி ஆறு ஓடும் தாண்டேலி, வடக்கே கங்கை பாயும் ரிஷிகேஷ், இலங்கையில் களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கல ஆகிய இடங்களில் ராஃப்டிங் நடைபெறுகிறது.

நுரைத்துப் பாயும் நீரோட்டங்களை உலகெங்கும் ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதற்படியில் நீர் சலசலக்கும், அவ்வளவே. இரண்டாவதில் சிறு அலைகள் உண்டு. மூன்றாவதில் அலைகள் ஒழுங்கின்றி எழும். மிதவையைத் திறமையாகத் திருப்ப வேண்டியிருக்கும். நான்கும் ஐந்தும் தேர்ந்தவர்களுக்கே உரியவை. ஆறாவது படி, உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். முதன்முறை செல்வோர் வழிகாட்டியின் துணையோடு மூன்றாம் படிவரை செல்லலாம். அதற்குமேல் எவர் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். ஆற்றில் நீர் கூடினால் படியும் கூடிவிடும் என்பதை மறந்துவிடலாகாது. ரிஷிகேஷில் மழைக்காலத்து உச்சத்தில் ராஃப்டிங்கை நிறுத்திவைப்பது இதனால்தான்.

ஒகேனக்கல்லைப் பொறுத்தவரை மற்றொரு செய்தியும் உண்டு. அங்கு வரும் வெள்ளம் நம் ஊர் மழையைப் பொறுத்ததன்று. கர்நாடகத்திலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்து, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பினால், தருமபுரியில் ஒரு துளி மழை இல்லாதபோதும் காவிரி பொங்கி வரும். எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அந்த நீரை அளக்கிறது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அது விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அப்படியானால் ஒரு விநாடியில் 28 லட்சம் லிட்டர் நம்மைக் கடந்து பாய்கிறது என்று பொருள். நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை விதிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வோர், புறப்படும் நாள் காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தடை என்றால் தடைதான். “அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று கரையில் யாரையாவது பிடித்துக் கெஞ்சுவதோ, கூடுதல் பணம் தருவதாகச் சொல்வதோ கூடாது.

கரையில் செய்ய வேண்டியவை

முதலாவது, மிதவை அங்கி. ‘லைஃப் ஜாக்கெட்’ என்று கேட்டு வாங்குங்கள். நீரில் நம் உடலின் பெரும்பங்கு தானாகவே மிதக்கும். தலையை நீருக்கு மேல் நிறுத்த, கூடுதலாக மூன்று முதல் ஐந்து கிலோ அளவுக்கு மிதப்பு விசை கிடைத்தால் பெரும்பாலோர்க்குப் போதும். அந்தச் சிறிய உதவியைத்தான் அங்கி தருகிறது. நீச்சல் தெரியாதவர் பயணம் செய்ய முடிவதும் அதனால்தான். ஆனால் பெயருக்குத் தோளில் மாட்டிக்கொண்டால் பயனில்லை. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டைகளை இறுக்கிய பின், வேறொருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரியது, மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் குழந்தைகள் அளவு அங்கியே வேண்டும். அது கிடைக்காத இடத்தில் குழந்தை கரையிலேயே இருக்கட்டும். துணைக்கு நீங்களும் இருங்கள். ராஃப்டிங் என்றால் தலைக்கவசமும் கட்டாயம்.

இரண்டாவது, ஆடை. நம் சகோதரிகள் பலர், “புர்காவோடு எப்படி?” என்று கேட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உடலை மறைப்பது கடமை. அதை இந்த உடைதான் நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை. நீளமான, அகன்ற துணி தண்ணீரில் நனைந்தால் பாரமாகிக் கால்களைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே முழங்காலுக்குக் கீழே வரும் முழுக்கைக் குர்தா, தடித்த துணியாலான சல்வார், ஊசி குத்தாமல் தலையோடு இறுகப் பொருந்தும் முக்காடு ஆகியவை பொருத்தமானவை. மிதவை அங்கி எல்லா ஆடைகளுக்கும் மேலே இருக்க வேண்டும். அதன்மேல் துப்பட்டா கூடாது. குடும்பத்தார் மட்டும் தனிப் பரிசலில் செல்லும்படி கேட்டால் கூச்சமும் இராது. ஆண்கள் வேட்டி, கைலி, நீண்ட ஜுப்பா ஆகியவற்றைத் தவிர்த்துக் காற்சட்டை அணிவதே நன்று.

மூன்றாவது, யார் போகக் கூடாது என்பது. கருவுற்றிருப்போர், இதய நோயாளிகள், வலிப்பு நோயுள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கரையிலிருந்து கண்டு மகிழட்டும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் பின்னால் கட்டுங்கள். நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏற வேண்டாம்.

நான் மறந்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் மூத்த மாணவர்கள் சிலரை ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் சென்றேன். கரையில் அங்கிகளைக் கொடுத்தார்கள். முந்தியவர்கள் அணிந்து நனைத்தது, வாடை வேறு. நானோ துவைத்து மடித்த வெள்ளை ஜுப்பாவில் இருந்தேன். சற்றே முகம் சுளித்தேன். பரிசல்காரர், “பாய், மொதல்ல அதை மாட்டுங்க. அப்பதான் துடுப்பத் தொடுவேன்” என்றார். மாட்டிக்கொண்டேன். நீர் அமைதியாக இருந்த இடத்தில் புழுக்கம் தாளவில்லை. கொக்கிகளைக் கழற்றி, அங்கியை மடியில் வைத்துக்கொண்டேன். பரிசல்காரர் முன்னே பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. என்னருகில் இருந்த பதின்மூன்று வயது மாணவன் கவனித்தான். அவனும் கழற்றினான்.

பாறை இடுக்கொன்றில் திரும்பியதும் பரிசல் சுழன்று ஒருபுறம் சாய்ந்தது. மாணவனின் தொப்பி நீரில் விழுந்தது. அதை எடுக்க எண்ணி அவன் குனிந்தான். பாதி உடல் வெளியே போய்விட்டது. பரிசல்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுத் திரும்பி, அவன் இடுப்புப் பட்டையைப் பற்றி உள்ளே இழுத்தார். பரிசல் தானாக மிதந்து ஒரு பாறையில் மோதி நின்றது. அல்ஹம்து லில்லாஹ், தொப்பி மட்டுமே போயிற்று.

பரிசல்காரர் மாணவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, “பையன் உங்களப் பாத்துத்தான் கழட்டினான் பாய்” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. ஊர் திரும்பியதும் அவன் தாயாரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் அந்தம்மா பேசவில்லை. பிறகு, “அவனுக்கு நீச்சல் தெரியாதுங்களே ஹஜ்ரத்” என்று மட்டும் சொன்னார். ஒட்டகத்தைப் பற்றிய பாடத்தை இப்போதும் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் அந்தக் குரல் என் காதில் விழுகிறது.

அதே ஆற்றில் 2015 ஏப்ரலில் ஒரு பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் மாண்டார்கள் என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பரிசலில் எத்தனை பேர் ஏறலாம் என்று விதித்திருக்கிறார்களோ அதற்குமேல் ஒரு குழந்தைகூட ஏறக் கூடாது. “நாங்க எல்லாரும் ஒரே குடும்பந்தான், ஒண்ணாப் போறோம்” என்பது ஆற்றிடம் செல்லாத வாதம்.

நீரின் மேல்

பரிசல் வட்டமானது, முன்னும் பின்னும் கிடையாது. ஆகவே சுழல்வது அதன் இயல்பு. முதல் சுழற்சியில் வயிறு கலங்கும், அஞ்ச வேண்டாம். காலை மடக்கி அடியில் அமருங்கள். எழுந்து நிற்பதும், எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுப்பதும் ஆகாது. “இன்னும் வேகமாச் சுத்துங்கண்ணா” என்று பிள்ளைகள் பரிசல்காரரைத் தூண்டினால் அடக்குங்கள். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கிடையே பரிசல் நுழையும்போது, அருவியின் திவலை முகத்தில் தெறிக்கும்போது, உங்களை அறியாமல் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று நா மொழியும். சில இடங்களில் உங்களை இறக்கிவிட்டு, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பரிசல்காரர் பாறைமேல் நடப்பார். நீங்களும் பின்னே நடக்க வேண்டும். வழுக்காத செருப்பு அதற்குத்தான்.

ராஃப்டிங்கில் நீங்கள் பயணி மட்டுமல்லர்; துடுப்புப் போடும் தொழிலாளியும் நீங்களே. வழிகாட்டி பின்னால் அமர்ந்து கட்டளையிடுவார். முன்னோக்கித் தள்ளு, பின்னோக்கித் தள்ளு, நிறுத்து, குனிந்து உட்கார் ஆகிய நான்கையும் கரையிலேயே பழக்குவார். அவர் மொழி புரியவில்லையென்றால் புரியும்வரை கேளுங்கள். மிதவையின் விளிம்பில் அமர்ந்து, பாதத்தைக் குறுக்குக் குழாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். துடுப்பின் மேல்நுனியிலுள்ள பிடியை ஒரு கையால் எப்போதும் மூடிப் பிடித்திருங்கள். கைவிட்ட பிடி, அருகிலிருப்பவரின் பல்லை உடைத்துவிடும். பெரிய அலை வரும்போது பயந்து துடுப்பை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நீரில் ஊன்றிய துடுப்பே உங்களைத் தாங்கும் கைப்பிடி. தொழுகையில் இமாமைப் பின்பற்றும் ஜமாஅத்தைப் போல, எல்லாத் துடுப்புகளும் ஒருவர் குரலுக்கு ஒன்றாக அசைந்தால் மிதவை நேராகச் செல்லும்.

விழுந்துவிட்டால்

விழுவது நடக்கக்கூடியதே, அதை முன்னதாகவே மனத்தில் நடத்திப் பாருங்கள். முதல் சில நொடிகள் மூச்சு அடைத்தாற்போல் இருக்கும். பனிமலையிலிருந்து வரும் கங்கையில் இது மிகுதி. பதறாதீர்கள். அங்கி உங்களை மேலே கொண்டுவரும். மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டம் செல்லும் திசையில் நீட்டி, விரல்நுனிகள் நீருக்கு மேல் தெரியும்படி மிதந்து செல்லுங்கள். பாறை எதிர்ப்பட்டால் காலால் உதைத்து விலகலாம்.

மிக முக்கியமான விதி ஒன்று: ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். ஆழம் இடுப்பளவுதான் என்று கால் ஊன்றினால், பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னே அழுத்தி மூழ்கடிக்கும். மீட்புக் கயிறு வீசினால் கயிற்றைப் பற்றுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தலைக்கு மேல் இருட்டாக இருந்தால் மிதவைக்கு அடியில் இருக்கிறீர்கள் என்று பொருள். கைகளால் தடவிக்கொண்டே ஒரே திசையில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம்.

பயணம் முடிந்த பின்னரும் எச்சரிக்கை தேவை. “அதுதான் முடிந்துவிட்டதே” என்று அங்கியைக் கழற்றிவிட்டு, அமைதியாகத் தோன்றும் மடுவில் குளிக்க இறங்குவது வேண்டாம். மேலே அமைதி, கீழே பள்ளமும் சுழலும் இருப்பது ஆற்றின் இயல்பு. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்குமாறு உமர் (ரலி) அவர்கள் எழுதியனுப்பியதாக அறிவிக்கப்படுகிறது. அடுத்த விடுமுறைக்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

தொழுகையும் நம்பிக்கையும்

ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, லுஹருக்கு நேரமிருக்கும்போதே கரையேறும்படி திட்டமிடுங்கள். மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். கஸ்ரு, ஜம்உ ஆகியவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. புறப்படுமுன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடத்தில் ஏறும்போது பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் பெயரால் கப்பலில் ஏறச் சொன்ன செய்தி ஹூது அத்தியாயத்தில் வருகிறது. அந்தக் கப்பலைக் கட்டி முடித்த பின்னரே அவர்கள் ஏறினார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நீரில் மூழ்கி இறப்பவருக்கும் ஷஹீதின் நற்கூலி உண்டு என்ற நபிமொழியைச் சிலர் இங்கே எடுத்துக் காட்டுவர். அது, தன்னால் இயன்றதையெல்லாம் செய்த பின்னும் இறைநாட்டத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல். அங்கியைக் கழற்றுவதற்கான அனுமதியன்று. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்பகரா அத்தியாயம் தடுத்திருக்கிறது.

அலையில் அகப்பட்டபோது உளமுருகி இறைவனை அழைத்துவிட்டு, கரையேறியதும் மறந்துவிடும் மனிதர்களைப் பற்றித் திருக்குர்ஆன் பலமுறை பேசுகிறது. அன்று பாறையில் மோதி நின்ற பரிசலில் நாங்கள் அனைவரும் திக்ரு செய்துகொண்டிருந்தோம். அந்த நொடியிலும் நான் முதலில் செய்தது, மடியிலிருந்த அங்கியை எடுத்து மாணவனுக்கு மாட்டிக் கொக்கியை இறுக்கியதுதான்.

சகோதர சகோதரிகளே, போய் வாருங்கள். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு மகிழுங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; உங்கள் கொக்கியை முதலில் மாட்டுங்கள். வல்ல அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.